பூனையின் காலும் மனிதனின் கையும்

நேற்றுவரை மதில்மேல் தாவித் திரிந்த வீட்டுப் பூனை, இன்று திடீரென அலறிப் பின்னங்கால்கள் இரண்டையும் தரையில் இழுத்துக்கொண்டு நகர்கிறது. வண்டி மோதியதோ, பாம்பு தீண்டியதோ என்று நாம் பதறுகிறோம். நோயின் வேர் காலில் இல்லை. பெரும்பாலும் அது இதயத்தில் இருக்கிறது. இதயத் தசை தடித்துப்போகும் வியாதி பூனைகளிடம் மிகுதி. அதனால் இடது மேலறை விரிந்து, அங்கே இரத்தம் தேங்கி உறைகிறது. உறைந்த கட்டி பெயர்ந்து சென்று, பெருந்தமனி கால்களுக்குக் கிளைபிரியும் இடத்தை அடைத்துவிடுகிறது.

மனிதரிடத்தும் இதற்கு ஒப்பானதொன்று உண்டு. இதயம் ஒழுங்கின்றித் துடிப்போரின் இடது மேலறையில் உறையும் கட்டி மூளையை எட்டினால், அது பக்கவாதம். பக்கவாதத்திற்கு வேறு காரணங்களும் உள்ளன என்பதை மறத்தலாகாது.

ஒருமுறை இவ்வடைப்புக்கு ஆளாகித் தப்பிய பூனைக்கு மீண்டும் அது வராமல் காப்பது எங்ஙனம்? அமெரிக்கக் கால்நடை மருத்துவர்கள் 75 பூனைகளிடம் இதனை ஆராய்ந்து, 2015இல் முடிவை வெளியிட்டனர். சிலவற்றுக்கு ஆஸ்பிரின், ஏனையவற்றுக்குக் குளோபிடோகிரல். எதற்கு எது என்பது வளர்ப்போருக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது. மறு அடைப்பு வரும்வரை கழிந்த காலத்தின் நடுமதிப்பு, ஆஸ்பிரின் உண்டவற்றில் 192 நாள். மற்றவற்றில் 443 நாள். இம்மாத்திரை மனிதருக்கென உண்டானதே. 1996இல் 19,185 நோயாளரிடம் ஆஸ்பிரினோடு ஒப்பிட்டபோது சிறிதளவே மேம்பட்டு நின்றது. அதில் கால் பங்கு பூனைக்குப் போதும். கசப்பு மிகுந்த அதனை விழுங்கச் செய்வது வேறு பாடு!

பிராணிகளுக்கு நாம் கொடுத்தது இது. அவற்றிடமிருந்து நாம் பெற்றதோ நெஞ்சை உறுத்துவது. எட்வர்ட் டாப் என்னும் உளவியலார், குரங்கின் ஒரு கையிலிருந்து உணர்வைக் கொண்டுசெல்லும் நரம்புகளை வெட்டினார். அசைக்க இயன்றும் குரங்கு அக்கையைப் பயன்படுத்தவில்லை. நல்ல கையைக் கட்டிவைத்ததும் பயன்படுத்தியது. முயன்று தோற்ற கை, முயலாமையையே பழகிக்கொண்டது என்று அவர் கண்டார். 1981இல் மேரிலாந்து மாநிலத்துச் சில்வர் ஸ்பிரிங்கில் இருந்த அவரது கூடத்தில் காவல் துறையினர் புகுந்து 17 குரங்குகளைக் கைப்பற்றினர். கொடுமை வழக்கில் விதித்த தண்டனையை, அச்சட்டம் இத்தகைய ஆய்வுக்குப் பொருந்தாதென்று 1983இல் மேல்நீதிமன்றம் நீக்கியது. சட்டம் விட்டது; நம் மனம் அவ்வளவு எளிதில் விடவில்லை. பூனைகளுக்காகச் சம்மதம் சொல்ல அவற்றை வளர்த்தோர் இருந்தனர். அக்குரங்குகளுக்கு எவருமில்லை.

எனினும் அவற்றால் பயன்பெற்றோர் பலர். பக்கவாதம் வந்து மூன்று முதல் ஒன்பது மாதமான 222 பேரிடம் நடந்த ஆய்வு 2006இல் வெளிவந்தது. விழித்திருக்கும் நேரத்தில் பெரும்பகுதி நல்ல கைக்கு உறை மாட்டி, தளர்ந்த கைக்கு நாள்தோறும் பல மணிநேரம் பயிற்சியளித்தனர். இவ்வாறு இரண்டு வாரம். வழக்கமான பராமரிப்பு பெற்றவர்களைவிட இவர்களுடைய கை நன்கு தேறிற்று. ஓராண்டுக்குப் பின்னும் அத்தேர்ச்சி நிலைத்தது.

மணிக்கட்டையும் விரல்களையும் சிறிதேனும் நீட்ட இயன்றோரையே அவ்வாய்வில் சேர்த்தனர். முற்றும் செயலிழந்த கைக்கு இம்முறை ஏற்றதன்று. பயிற்சியாளர் துணையின்றி நாமே வீட்டில் உறை மாட்டிவிடவும் வேண்டாம். தள்ளாடி நடப்பவர் சாயும்போது ஊன்றிக்கொள்ள அவருக்கு அந்த நல்ல கையே உதவும்.