ஓரியூர் மணலும் கடலாயியின் முறையீடும்

பாம்பாற்றில் ஆண்டின் பெரும்பகுதி தண்ணீர் ஓடுவதில்லை. ஆனாலும் அதன் கரையிலிருக்கும் ஓரியூருக்குச் சுகம் வேண்டி நடந்தும் வேன் பிடித்தும் வருகிறவர்கள் குறைவதில்லை. அவர்கள் எடுத்துப்போவது தண்ணீரை அல்ல, மண்ணை. 1693 பிப்ரவரி 4 அன்று இங்கே சேசு சபைத் துறவி அருளானந்தர் வெட்டிக் கொல்லப்பட்டார். அவர் இரத்தம் பட்டுத்தான் மணல் சிவந்தது என்பது நம்பிக்கை. ஒரு சிட்டிகை செம்மண்ணை நெற்றியில் பூசிக்கொள்கிறார்கள், மீதியைத் தாளில் மடித்து இடுப்பில் செருகுகிறார்கள். மொட்டை போடுவது, கிடா வெட்டி அசனம் வைப்பது, தென்னங்கன்று கொடுப்பது எல்லாம் உண்டு. நேர்ந்துகொண்டவர் வேதக்காரரா, இந்துவா என்று கேட்பாரில்லை.

இந்த மண்ணின் கதையே ஒரு நோயாளியிடம்தான் தொடங்குகிறது. மறவர் சீமையின் தலைவர்களில் ஒருவரான தடியத்தேவர் கடும் நோயில் கிடந்தார். உபதேசியார் வந்து நற்செய்தி வாசித்து ஜெபித்தபின் எழுந்தார் என்கின்றன சேசு சபையாரின் பதிவுகள். அவர் ஞானஸ்நானம் கேட்டபோது அருளானந்தர் ஒரு நிபந்தனை வைத்தார்: மனைவியரில் ஒருத்தியைத் தவிர மற்றவர்களை விலக்க வேண்டும். தேவர் சம்மதித்தார். விலக்கப்பட்டவர்களில் இளையவள் கடலாயி, சீமையை ஆண்ட கிழவன் சேதுபதிக்கு நெருங்கிய உறவு. அவள் அரண்மனைக்குப் போய் முறையிட்டாள். ஜனவரி 8 அன்று அருளானந்தர் கைது. ஒரு மாதத்துக்குள் ஓரியூரில் மரணம்.

வழக்கமாகச் சொல்லப்படும் கதையில் கடலாயி வில்லி. எனக்கு அப்படித் தோன்றவில்லை. கட்டியவன் பிழைத்தான், அதற்கு வாழ்க்கையை இழந்தவள் அவள். அருளானந்தரின் நிபந்தனை பெரியதுதான்: சுகம் பெற்றவன் பழையபடியே இருந்துவிட முடியாது என்றார் அவர். ஆனால் அந்த மாற்றத்தின் சுமை யார் தலையில் விழுந்தது என்ற கேள்வி முந்நூறு ஆண்டுகளாக அப்படியே கிடக்கிறது. இன்றும் கணவன் குடியை விட வேண்டுமென்று மனைவிதான் மொட்டை போட்டுக்கொள்கிறாள். அவன் வேனில் தூங்குகிறான்.

இன்றைய குணமளிக்கும் ஜெபப் பயணச் சுவரொட்டிகளில் நிபந்தனை என்ற பேச்சே இல்லை. புற்றுநோய், சர்க்கரை, கடன் தொல்லை, பிள்ளையின்மை என்று பட்டியல் மட்டும் இருக்கிறது. புற்றுநோயையும் சர்க்கரையையும் மந்திர முறையில் தீர்ப்பதாக விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் தடுக்கிறது. சுவரொட்டி ஒட்டுகிறவர்களுக்கு அது கண்ணில் படுவதில்லை. இதற்கு மாறாக, பிரான்சில் காவ் தெ போ ஆற்றங்கரையிலுள்ள லூர்து நகரில் 1883 முதலே மருத்துவர்கள் சுகம் பெற்றதாகச் சொல்லும் ஒவ்வொரு சாட்சியையும் ஆராய்கிறார்கள். மரியாள் அங்கே காட்சி தந்ததாக நம்பப்படும் 1858 முதல் இன்றுவரை திருச்சபை புதுமை என்று ஏற்றவை எழுபதைச் சற்றே தாண்டும். ஆண்டுதோறும் அங்கே போகிறவர்களோ லட்சக்கணக்கில். நோய் தீர்ந்தால்தான் பயணம் பலித்தது என்று எண்ணினால் இவ்வளவு பேர் திரும்பத் திரும்பப் போகமாட்டார்கள். தன் வலியைச் சொல்ல ஓர் இடம், கூட நடக்க நாலு பேர், ஒரே பந்தியில் சோறு. பயணிக்கு இது தெரியும். ஏற்பாட்டாளர்தான் அதிகம் பேசுகிறார்.

திருத்தலங்கள் செய்ய வேண்டியது எளிதானது. மண்ணைப் பூசுங்கள், காசநோய் மாத்திரையை நிறுத்தாதீர்கள், இன்சுலினை விடாதீர்கள் என்று பங்குத்தந்தையே பீடத்திலிருந்து சொல்லட்டும். கூடவே, குடிப்பவரை வேனிலிருந்து இறக்கி நடக்க வைக்கட்டும்.