கிணறுகளை எண்ணியவர்கள்: குடிமக்கள் மனுக்களைப் பற்றிச் சில எண்ணங்கள்

ஏரி ஒன்று தூர்க்கப்படுகிறது. குன்று ஒன்று கல்குவாரிக்கு இரையாகிறது. ஆலைக் கழிவு ஆற்றில் கலக்கிறது. உடனே ஒரு தாள் சுற்றுக்கு வருகிறது. முன்பு தாளாக வந்தது இன்று கைப்பேசியில் ஓர் இணைப்பாக வருகிறது. நாமும் நம் பெயரைப் பதிந்துவிட்டு, கடமையை முடித்த நிம்மதியோடு வேறு வேலை பார்க்கப் போய்விடுகிறோம். மூன்று திங்கள் கழித்து அந்த மனு என்னவாயிற்று என்று யாரேனும் வினவினால், நம்மில் எத்தனை பேரால் விடை கூற இயலும்?

சுற்றுச்சூழலைக் காக்கக் குடிமக்கள் கொடுக்கும் மனுவுக்கு வலிமை தருபவை இரண்டு என்று நாம் கருதுகிறோம். ஒன்று, மனு எழுதப்படுவதற்கு முன் நடக்கும் கணக்கெடுப்பு. மற்றொன்று, ஆணை கிடைத்த பின் நடக்கும் கண்காணிப்பு. இவ்விரண்டுக்கும் இடையில் நிற்கும் கையெழுத்தை மட்டுமே நாம் மனு என்று எண்ணிக் கொண்டிருக்கிறோம்.

ஆள்வோரிடம் குறை சொல்வது தமிழருக்குப் புதிதன்று. தலையாலங்கானத்துச் செருவென்ற நெடுஞ்செழியனிடம் குடபுலவியனார் என்னும் புலவர் நீர்நிலைகளைப் பெருக்குமாறு வலியுறுத்திய பாட்டுப் புறநானூற்றில் இருக்கிறது. தமக்கென்று பொன்னோ பொருளோ அவர் அதில் கேட்கவில்லை. நாட்டுக்கு நீர் கேட்டார். கேட்டதற்குக் காரணமும் காட்டினார். இத்தகைய வேண்டுகோளுக்கு முறையீடு என்றொரு சொல் நம்மிடம் உண்டு. முறை என்பதற்கு நீதி என்பதும் ஒரு பொருள். எனவே முறையிடுபவன் இரப்பவன் அல்லன். ஆள்வோனுக்கு நீதியை நினைவூட்டுபவன். 1976ஆம் ஆண்டின் நாற்பத்திரண்டாவது திருத்தம், காடு, ஏரி, ஆறு, காட்டுயிர் உள்ளிட்ட இயற்கைச் சூழலைக் காப்பதைக் குடிமகனின் அடிப்படைக் கடமைகளுள் ஒன்றாக நம் அரசியலமைப்பில் சேர்த்தது. அக்கடமையை ஆற்றப் புறப்படுபவன் கைகட்டி நிற்க வேண்டியதில்லை.

இனிப் பாலாற்றுக்கு வருவோம். தோல் பதனிடும் ஆலைகளின் கழிவால் நிலமும் நீரும் கெட்டன என்று வேலூர் குடிமக்கள் நலமன்றம் 1991இல் உச்ச நீதிமன்றத்தில் மனுச் செய்தது. 1996ஆம் ஆண்டு ஆகஸ்டு 28ஆம் நாள் நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு தீர்ப்பு வழங்கியது. கெடுதல் நேரும் முன்பே தடுக்க வேண்டும் என்ற முன்னெச்சரிக்கைக் கோட்பாடும், மாசுபடுத்தியவரே அதன் விலையைக் கொடுக்க வேண்டும் என்ற கோட்பாடும் இந்நாட்டுச் சட்டத்தின் பகுதிகளே என்று அத்தீர்ப்பு அறிவித்தது. இன்று இந்தியாவின் எந்த மூலையில் சுற்றுச்சூழல் வழக்கு நடந்தாலும் இத்தீர்ப்பை எடுத்துக் காட்டாமல் வாதம் நிறைவு பெறுவது அரிது. ஒரு மாவட்டத்து மக்களின் மனு நாட்டுக்கே சட்டமாயிற்று.

அத்தீர்ப்பை வாசிக்கும்போது நம்மை முதலில் நிறுத்துபவை அதிலுள்ள எண்களே. ஒரு கிலோ தோலைப் பதப்படுத்தி முடிக்க ஏறத்தாழ 35 லிட்டர் நீர் செலவாகிறது. குரோமியம் கொண்டு பதனிடும் முறையில் ஏறத்தாழ 170 வகை வேதிப்பொருள்கள் பயன்படுகின்றன. ஆலைகள் சூழ்ந்த பகுதிகளில் ஏறத்தாழ 35 ஆயிரம் எக்டேர் விளைநிலம் முழுமையாகவோ ஓரளவோ சாகுபடிக்குத் தகாததாகிவிட்டது. திண்டுக்கல், ரெட்டியார்சத்திரம் ஊராட்சி ஒன்றியங்களைச் சேர்ந்த 13 சிற்றூர்களில் ஒரு தன்னார்வ அமைப்பு நடத்திய ஆய்வையும் நீதிமன்றம் எடுத்துக்கொண்டது. அவ்வூர்களில் குடிக்கவும் பாசனத்துக்கும் பயன்பட்ட கிணறுகள் 467. அவற்றுள் மாசடைந்தவை 350.

இந்த 350 என்னும் எண் எப்படிக் கிடைத்தது என்று எண்ணிப் பார்க்க வேண்டும். யாரோ சிலர் பதின்மூன்று ஊர்களுக்கும் சென்றிருக்கிறார்கள். கிணறு கிணறாக நின்று கணக்கெடுத்திருக்கிறார்கள். அவர்களுடைய பெயர்களை நாம் அறியோம். 'எங்கள் ஊர்க் கிணறெல்லாம் பாழ்' என்று சொல்லியிருந்தால் அது புலம்பலாகவே கழிந்திருக்கும். 467இல் 350 என்று சொன்னபோது அது சான்றாயிற்று. சான்றை மறுக்க விரும்புபவர் எதிர்ச்சான்று கொண்டுவந்தாக வேண்டும். புலம்பலுக்கு அந்தத் தொல்லை இல்லை. கேட்டவர் தலையை அசைத்துவிட்டுப் போய்விடலாம்.

இது மனுவுக்கு முன்னே உள்ள பாதி. பின்னே உள்ள பாதியோ மனத்துக்கு வருத்தம் தருவது.

தீர்ப்பின்படி, இழப்பை மதிப்பிட ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவர் தலைமையில் ஆணையம் அமைந்தது. 2001இல் அது வேலூர் மாவட்டத்தில் ஏறத்தாழ 29 ஆயிரம் பேரைப் பாதிக்கப்பட்டோர் என இனங்கண்டு இழப்பீட்டை அறுதியிட்டது. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் எழுந்தன. சென்னை உயர் நீதிமன்றத்தில் பசுமை அமர்வும் தோன்றியது. இவ்வளவும் நடந்த பிறகு ஆறு தெளிந்திருக்க வேண்டும் அல்லவா? ஆனால் 2025ஆம் ஆண்டு சனவரி 30ஆம் நாள் அதே உச்ச நீதிமன்றம் அதே பாலாற்றுக்காக மீண்டும் ஒரு தீர்ப்பு எழுத நேர்ந்தது. பாதிக்கப்பட்டோருக்கு இன்னும் சேராத இழப்பீட்டை ஆறு வாரங்களுக்குள் அரசு கொடுத்துவிட்டு அத்தொகையை மாசுபடுத்திய ஆலைகளிடமிருந்து பெற்றுக்கொள்ள வேண்டும் என்றும், ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையில் குழு அமைத்து ஆற்றை மீட்கும் பணியைக் கவனிக்க வேண்டும் என்றும் நீதிமன்றம் பணித்தது. தீர்ப்போடு வழக்கை முடித்துவிடாமல் தொடர்ந்து கண்காணிக்கவும் முடிவு செய்தது.

முதல் மனுவுக்கும் இத்தீர்ப்புக்கும் இடையே 34 ஆண்டுகள். மனு கொடுத்த நாளில் பிறந்த குழந்தை இன்று தன் குழந்தையைப் பள்ளிக்கு அனுப்பிக் கொண்டிருக்கும். இழப்பீட்டுக்கு உரியவர் என்று பட்டியலில் இடம்பெற்ற உழவர் பலர் முதுமை எய்தியிருப்பர், மறைந்தோரும் இருப்பர். மனுவால் பயனில்லை என்று இதிலிருந்து முடிவு கட்டுவோர் உண்டு. நாம் அவ்வாறு கருதவில்லை. அந்த மனு இல்லையெனில் முன்னெச்சரிக்கைக் கோட்பாடு இன்னும் எத்தனை ஆண்டு கழித்து நம் சட்டத்துக்குள் வந்திருக்குமோ தெரியாது. ஆயினும் ஆணை கிடைத்தவுடன் வெற்றி கிடைத்துவிட்டதாக ஊர் கலைந்துபோகுமானால் ஆணை கோப்புக்குள் உறங்கிவிடும் என்பதையும் பாலாறு காட்டுகிறது. 2025ஆம் ஆண்டுத் தீர்ப்பும்கூடத் தானாக வரவில்லை. வேலூர் மாவட்டச் சுற்றுச்சூழல் கண்காணிப்புக் குழு விடாமல் வழக்கை நடத்தியதால் வந்தது.

இங்கே ஒரு மறுப்பு எழும். தோல் தொழில் ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை வட்டாரங்களில் பல்லாயிரம் குடும்பங்களுக்குச் சோறு போடும் தொழில். மனுதாரர்கள் அந்தச் சோற்றில் மண் போடுகிறார்கள் என்பர். இம்மறுப்பைப் புறங்கையால் ஒதுக்கிவிடலாகாது. வேலையிழந்தவனுக்கு ஆற்றின் தெளிவு மட்டும் பசி தீர்க்காது. ஆனால் 1996ஆம் ஆண்டுத் தீர்ப்பு தொழிலை ஒழிக்கச் சொல்லவில்லை; குறித்த கெடுவுக்குள் சுத்திகரிப்பு நிலையம் அமைத்து இசைவு பெற்றுத் தொழில் நடத்துக என்றே சொன்னது. மேலும், கழிவைச் சரிவரக் கையாளாத தொழில் முதலில் பலி கொள்வது யாரை? 2015ஆம் ஆண்டு சனவரி இறுதியில் இராணிப்பேட்டையில் சுத்திகரிப்பு நிலையக் கழிவுத் தொட்டியின் சுவர் இரவில் இடிந்து, அருகே உறங்கிக் கொண்டிருந்த பத்துப் பேரைக் கழிவுச் சேறு மூடியது. மேற்கு வங்கத்திலிருந்து பிழைப்புத் தேடி வந்த தொழிலாளர்களே அவர்களுள் மிகப் பலர். உழவனும் தொழிலாளியும் எதிரெதிர் அணியினர் என்பது பிறர் கட்டிவைத்த கதை. இருவரையும் கொல்வது ஒரே கழிவுதான்.

இனி, இலக்கியம் பயின்ற நமக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்ற வினாவுக்கு வருகிறோம். தொடர்பு மொழியில் இருக்கிறது. உயர் நீதிமன்றம், உச்ச நீதிமன்றம் ஆகியவற்றின் நடவடிக்கைகள் ஆங்கிலத்தில் நடக்கின்றன. 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை, பொதுமக்கள் கருத்துக்கேட்புக்கு முன் குறைந்தது முப்பது நாள் அவகாசம் தர வேண்டும் என்கிறது. மதிப்பீட்டு அறிக்கையின் சுருக்கத்தை மக்கள் மொழியில் தரவும் சொல்கிறது. ஆனால் சுருக்கம் சில பக்கமே. பல நூறு பக்கமுள்ள முழு அறிக்கை பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே இருக்கிறது. நிலத்தடி நீர் எத்தனை அடி இறங்கும், கழிவு எந்த ஓடையில் விடப்படும் என்பனவெல்லாம் அதனுள்தான் கிடக்கின்றன. 2020இல் அந்த அறிவிக்கைக்கு மாற்றாக ஒரு வரைவு வெளியானபோது அது ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே இருந்தது. அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையிலுள்ள 22 மொழிகளிலும் அதைப் பெயர்த்து வெளியிடுமாறு தில்லி உயர் நீதிமன்றம் ஆணையிட வேண்டியிருந்தது. அந்த ஆணையும் ஒரு குடிமகனின் மனுவால் வந்ததே. கருத்துச் சொல் என்று கேட்டுவிட்டு, எதைப் பற்றி என்பதைத் தெரியாத மொழியில் சொல்வது என்ன நேர்மை?

பள்ளித் தேர்வில் தெருவிளக்கு வேண்டி ஆணையருக்குக் கடிதம் எழுதாதவர் நம்முள் அரியர். மதிப்பெண் வந்ததோடு அக்கடிதம் முடிந்துபோகிறது. வகுப்பறைகளில் நாம் கற்பிக்கும் விண்ணப்பத்தில் 'ஐயா' என்னும் விளி உண்டு, 'இப்படிக்கு' உண்டு, 'தாழ்மையுடன்' என்பது இரண்டு மூன்று இடங்களில் உண்டு. புல எண் இல்லை, நாள் இல்லை, முன்பு கொடுத்த மனுவின் ஒப்புகைச் சீட்டு எண் இல்லை, எந்தச் சட்டப்படி எதைச் செய்யக் கேட்கிறோம் என்ற தெளிவும் இல்லை. திங்கள்தோறும் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர் கூட்டத்துக்கு வரும் மனுக்களிலும் இதே குறையைக் காணலாம். அதற்கு மனு எழுதும் எளிய மக்களைக் குறை கூறிப் பயனில்லை. கற்பித்தவர்கள் நாம்.

எனவே நம்மால் இயன்றவை சில உள. நம் வட்டாரத்தில் ஒரு கருத்துக்கேட்பு அறிவிக்கப்பட்டால், அந்த முப்பது நாளுக்குள் அறிக்கையின் முதன்மையான பகுதிகளையேனும் தமிழாக்கி ஊராருக்கு வாசித்துக் காட்டலாம். 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி வட்டார ஆட்சிமொழியிலேயே கேள்வி கேட்கலாம். முப்பது நாளில் விடை தர வேண்டும் என்பது அச்சட்டத்தின் விதி. ஆற்றுநீரின் ஆய்வு முடிவுகளை அவ்வழியே கேட்டு வாங்கி ஆண்டு வாரியாகத் தொகுத்து வைக்கலாம். கிராம சபைக் கூட்டங்களில் தீர்மானத்தின் சொற்கள் சரியாகப் பதிவாகின்றனவா என்று உடனிருந்து பார்க்கலாம். மாணவர்களைக் கொண்டு ஊர்க் கிணறுகளை எண்ணலாம். ஆணை வந்த பின், ஆறு திங்களுக்கு ஒருமுறை அதன் நிலை என்ன என்று கேட்டு ஒரு கடிதம் எழுதலாம்.

இவற்றுள் எதற்கும் பெருஞ்செல்வமோ பெரும்பதவியோ தேவையில்லை. வாசிக்கத் தெரிந்திருக்க வேண்டும். பிழையற எழுதத் தெரிந்திருக்க வேண்டும். தாள்களைத் தொலைக்காமல் வைத்திருக்கும் பொறுமை வேண்டும். இம்மூன்றும் நமக்கு உண்டு என்று சொல்லித்தான் நாம் ஊதியம் பெற்றுக் கொண்டிருக்கிறோம். அடுத்த முறை ஒரு மனு நம்மிடம் கையெழுத்துக்கு வரும்போது, இதில் எண்ணிக்கை எங்கே என்று கேட்போம். இல்லையென்றால், எண்ணுவதற்கு நாமும் வருகிறோம் என்று சொல்வோம்.