பயணம் ஒரு பாரமா?



வாகன வசதி பெருகிவிட்டது; பயணத்தின் சுவையோ குறைந்துவிட்டது. நம் பாட்டன்மார் கப்பலேறி மாதக்கணக்கில் சென்று நிறைவேற்றிய ஹஜ்ஜுக்கு, இன்று நாம் சில மணி நேரத்தில் விமானத்தில் போய்ச் சேர்ந்துவிடுகிறோம். ஆயினும் எங்கேனும் போய் வந்த ஒருவரிடம், "பயணம் எப்படி இருந்தது?" என்று கேட்டுப் பாருங்கள். "ஒரே அலைச்சல்" என்பதே பெரும்பாலும் விடையாக இருக்கும்.

பயணம் வேதனையின் ஒரு பகுதி என்று பெருமானார் (ஸல்) அவர்களே கூறியுள்ளார்களே என்று நீங்கள் கேட்கலாம். உண்மைதான். புகாரி, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் அந்த நபிமொழி இடம்பெற்றுள்ளது. ஊணையும் உறக்கத்தையும் பயணம் தடுக்கிறது. எனவே போன காரியம் முடிந்ததும் குடும்பத்தாரிடம் விரைந்து திரும்ப வேண்டும் என்பது அதன் கருத்து. அதே வேளையில், பூமியில் சென்று பாருங்கள் என்று திருமறை பல இடங்களில் மனிதனை அழைக்கவும் செய்கிறது. இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று முரணானவை அல்ல. சிரமம் உடலுக்கு, படிப்பினை உள்ளத்துக்கு. சிரமம் உண்டு என்பதனால்தான் நான்கு ரக்அத் தொழுகையை ஷரீஅத் இரண்டாகச் சுருக்கியது. ரமளான் நோன்பைப் பிறிதொரு நாளில் நோற்க இடமளித்தது. ஸகாத் பெறத்தக்க எண்வகையாருள் வழிப்போக்கரையும் சேர்த்தது. பயணம் வெறும் தீங்காக இருந்திருந்தால், அதற்கு இத்தனை சலுகைகள் எதற்கு?

முன்னோர் இதை நன்கறிந்திருந்தனர். ஜாபிர் இப்னு அப்துல்லாஹ் (ரலி) அவர்கள், ஒரேயொரு நபிமொழியைக் கேட்பதற்காக ஒட்டகம் ஒன்றை வாங்கி, ஒரு மாதம் பயணம் செய்து ஷாம் நாடு சென்றார்கள். மொராக்கோவின் தஞ்சா நகரைச் சேர்ந்த இப்னு பதூதா, 1325-ஆம் ஆண்டில் தம் 21-ஆம் வயதில் ஹஜ்ஜை நாடித் தனியாகப் புறப்பட்டார். தூனிஸ் நகரை அடைந்தபோது, உடன் வந்தவர்களையெல்லாம் ஊரார் ஸலாம் கூறி வரவேற்றனர். அவரை அறிந்தவரோ எவருமில்லை. அவர் கண்ணீர் விட்டு அழுதார். அதைக் கண்ட ஒரு பயணி அருகில் வந்து அன்புடன் பேசி அவரைத் தேற்றினார். பின்னர் மதுரை உட்பட எத்தனையோ நாடு நகரங்களைக் கண்ட அவர், ஏறத்தாழ 30 ஆண்டுகளுக்குப் பின் தம் பயண வரலாற்றைச் சொல்லி எழுதுவித்தபோதும், அந்த ஒரு ஸலாமை மறக்கவில்லை. பயணத்தில் மனத்தில் தங்குவது மாட மாளிகை மட்டுமல்ல. மனிதர் காட்டிய பரிவும்தான்.

இதனை உங்களுக்கு உபதேசமாக மட்டும் நான் எழுதவில்லை. என்மீதே குற்றம் சாட்டிக்கொண்டு எழுதுகிறேன்.

முப்பது ஆண்டுகளாகக் கூட்டங்களுக்காக ஊர் ஊராகச் சென்று வருகிறேன். இரவெல்லாம் பேருந்தில் கண் விழிப்பேன், மேடையில் பேசுவேன், மறுநாள் திரும்பிவிடுவேன். பயணம் என்றாலே சலிப்புத் தட்டியது. இரத்த உறவைப் பேணுதல் பற்றி எத்தனையோ ஊர்களில் பேசிய நான், என் தாயாரின் ஒரு சிறு வேண்டுகோளை மட்டும் நான்கு ஆண்டுகள் தள்ளிப்போட்டு வந்தேன். தென்காசியில் இருந்த தம் தமக்கையைப் பார்க்க வேண்டும் என்பதே அவர்களுடைய ஆசை. திருநெல்வேலியிலிருந்து தென்காசி எவ்வளவு தூரம்? கஸ்ர் செய்வதற்குரிய எல்லையைக்கூட எட்டாத தூரம்! "தினமும் போனில் முகம் பார்த்துப் பேசுகிறீர்களே, உம்மா" என்றேன் ஒருநாள். "முகம் தெரிகிறது வாப்பா, கை எட்டவில்லையே" என்றார்கள். அதற்குமேல் என்னிடம் பதில் இல்லை.

அந்த வாரமே செங்கோட்டை ரயிலில் அவர்களை அழைத்துச் சென்றேன். கைப்பேசியைப் பைக்குள் போட்டுவிட்டேன். எத்தனையோ முறை தூங்கிக்கொண்டே கடந்த வழி அது. கல்லிடைக்குறிச்சிக்கும் அம்பாசமுத்திரத்துக்கும் இடையே வண்டி தாமிரபரணியைக் கடந்தபோது, உம்மா ஜன்னலோரம் சாய்ந்து, "ஸுப்ஹானல்லாஹ்" என்றார்கள். அப்போதுதான் நானும் அந்த ஆற்றைப் பார்த்தேன். எதிரே அமர்ந்திருந்த பூக்கார அம்மையார் ஒரு கொய்யாப் பழத்தை இரண்டாகப் பிளந்து உம்மாவிடம் நீட்டினார். இறங்கும்வரை இருவரும் தங்கள் பேரப்பிள்ளைகளைப் பற்றியே பேசினார்கள்.

தென்காசியில் சகோதரிகள் இருவரும் கைகளைப் பற்றிக்கொண்டு வெகுநேரம் பேசாமல் அமர்ந்திருந்தனர். மூன்று மாதங்களுக்குப் பின் பெரியம்மா வஃபாத்தானார்கள். செய்தி கேட்ட உம்மா, "பார்த்துவிட்டேனே, அல்ஹம்து லில்லாஹ்" என்றார்கள். அன்று என் நெஞ்சம் நடுங்கியது. நான் இன்னும் ஒரு பருவம் தாமதித்திருந்தால்?

ஆகவே வாசகர்களே, பயணத்தின் சுவை தூரத்திலோ செலவிலோ இல்லை. யாருக்காக, எதற்காகப் போகிறோம் என்ற நிய்யத்தில் இருக்கிறது. வழியில் கண்ணும் காதும் விழித்திருப்பதில் இருக்கிறது. பிள்ளைகளுடன் மலைக்கும் அருவிக்கும் சென்று மகிழ்வது ஆகுமானதே. படைத்தவனை நினைவூட்டினால் அதுவும் நன்மையாகிவிடும். ஆனால் போன இடத்தைப் படம் பிடித்து நாலு பேருக்குக் காட்டுவதே நோக்கமாகிவிட்டால், கஅபாவின் முன் நின்றாலும் நாம் காண்பது கைப்பேசியின் கண்ணாடியை மட்டுமே.

அடுத்த விடுமுறைக்குத் தொலைதூரப் பயணம் திட்டமிடும் முன், பக்கத்து ஊரில் உங்களுக்காகக் காத்திருக்கும் ஒரு முதியவரை எண்ணிப் பாருங்கள். முதலில் அங்கே புறப்படுங்கள். பயணியின் துஆ ஏற்கப்படும் என்பது நபிமொழியின் கருத்து. அப்பயணத்தில் எனக்காகவும் துஆ செய்யுங்கள்.

நம் பயணங்களையெல்லாம் பயனுள்ளவையாக எல்லாம் வல்ல அல்லாஹ் ஆக்கியருள்வானாக! ஆமீன்.