கோடியக்கரையில் சாய்ந்து கிடப்பது

தெற்கே ஓடிவரும் கடற்கரை மேற்கே திரும்பும் மூலை எங்கள் கோடியக்கரை. இங்கிருந்த பழைய செங்கல் கலங்கரை விளக்கத்தைச் சோழர் காலத்தது என்று சொல்லித்தான் எங்களை வளர்த்தார்கள். 2004 சுனாமி அதைச் சாய்த்துவிட்டது. மணலில் கிடக்கும் துண்டுகளில் சுண்ணாம்புக் காரை இன்னும் செங்கல்லை விடவில்லை. நகத்தால் சுரண்டினாலும் உதிராது. 'பொன்னியின் செல்வன்' நாவலைப் படித்துவிட்டு அதில் வரும் எங்கள் ஊர்ப் பெண் பூங்குழலியைத் தேடி வருகிறவர்களுக்கு நாங்கள் காட்டுவது இதைத்தான். சிலர் தொட்டுப் பார்த்துக் கண்கலங்கிவிடுகிறார்கள்.

இங்குள்ள சரணாலயத்து வெளிமானுக்கும் பூநாரைக்கும் காவல் இருக்கிறது, இருக்கவும் வேண்டும். அதே அக்கறை இந்தச் செங்கல்லுக்கும் வேண்டும். எஞ்சிய ஒவ்வொரு துண்டையும் அளந்து, படமெடுத்து, எண்ணிட்டுத் தொல்லியல் துறை பதிவு செய்யட்டும். 2018-இல் கஜா புயல் பக்கத்திலுள்ள வேதாரண்யத்தையே புரட்டிப்போட்டது. அடுத்த புயல் வருமுன் இந்த வேலை முடிய வேண்டும்.