மட்டாஞ்சேரி முதல் தூத்துக்குடி வரை: காவலருக்கு எது கற்பிக்கப்படுகிறது?

போராடும் மக்கள் மீது காவல்துறை துப்பாக்கிச் சூடு நடத்தி, உயிர்கள் பலியாகி, நாடெங்கும் கண்டனம் எழும் ஒவ்வொரு முறையும் ஆட்சியாளர்கள் ஒரே விடையைத்தான் தருகிறார்கள். கூட்டத்தைக் கையாளக் காவலர்களுக்குப் போதிய பயிற்சி இல்லை, இனி நவீனப் பயிற்சி அளிக்கப்படும் என்பதே அந்த விடை. கேட்பதற்கு நியாயமாகத் தோன்றும் இந்த விடை, அரசின் வன்முறையை ஒரு தொழில்நுட்பக் குறைபாடாகச் சுருக்கிவிடுகிறது. செப்டம்பர் 15 மட்டாஞ்சேரி தியாகிகளின் நினைவு நாள். இந்த விடையை அவர்களின் வரலாற்றோடு உரசிப் பார்ப்பது நமது கடமை.

கொச்சித் துறைமுகத்தை ஒட்டிய மட்டாஞ்சேரி, மிளகும் சுக்கும் ஏலமும் கைமாறிய பழைய வணிக நகரம். செல்வம் குவிந்த பண்டகசாலைகளுக்குப் பக்கத்திலேயே, அன்றாட வேலைக்காகக் காத்துக்கிடந்த தொழிலாளர் கூட்டமும் இருந்தது. அங்கே நிலவியது ‘சாப்பா’ முறை. சரக்கேற்றி இறக்கும் ஒப்பந்ததாரரின் ஆளான மூப்பன், அன்று எத்தனை பேர் தேவையோ அத்தனை உலோக வில்லைகளைக் கூட்டத்தின் நடுவே வீசியெறிவான். ஒருவரையொருவர் தள்ளி மிதித்து, வில்லையைப் பொறுக்கியெடுத்தவருக்கே அன்றைய கூலி. மற்றவர் வீட்டில் அடுப்பு எரியாது. துறைமுகத் தொழிலாளரின் வேலையை முறைப்படுத்தும் சட்டம் 1948ஆம் ஆண்டிலேயே இயற்றப்பட்டிருந்தது. ஐந்தாண்டுகள் கழிந்தும் கொச்சித் தொழிலாளிக்கு அதன் பயன் எட்டவில்லை.

இந்த இழிமுறையை எதிர்த்து 1953ஆம் ஆண்டில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். திருவிதாங்கூர்-கொச்சியில் அப்போது ஏ.ஜே. ஜான் தலைமையிலான காங்கிரஸ் ஆட்சி நடைபெற்றது. செப்டம்பர் 15 அன்று தொழிலாளர் மீது துப்பாக்கிச் சூடு நடத்தப்பட்டது. சைது, சைதலவி ஆகிய தோழர்கள் குண்டடிபட்டு வீழ்ந்தனர். அந்தோணி காவல்துறையின் கொடுமைக்குப் பலியானார். சாப்பா முறை ஒழிந்ததோ 1962ஆம் ஆண்டில்தான். தொழிலாளியின் உரிமைக்கான சட்டத்தை நடைமுறைப்படுத்த பதினான்கு ஆண்டுகள் எடுத்துக்கொண்ட அரசு, அவனைச் சுடுவதற்குச் சில வாரங்களே எடுத்துக்கொண்டது.

அன்று சுட்ட காவலர்கள் பயிற்சி பெறாதவர்களா? இல்லை. அவர்கள் பெற்ற பயிற்சி எதற்கானது என்பதே கேள்வி. 1857 எழுச்சியின் அதிர்ச்சிக்குப் பிறகு, 1861ஆம் ஆண்டின் காவல் சட்டத்தின் மூலம் பிரிட்டிஷ் ஆட்சி இந்தியக் காவல்துறையை வடிவமைத்தது. அயர்லாந்து மக்களை அடக்கியாள அமைக்கப்பட்ட ஆயுதக் காவற்படையே அதற்கு முன்மாதிரி. 1921 மலபார் எழுச்சியின்போது மலபார் சிறப்புக் காவற்படை உருவாக்கப்பட்டது. விடுதலைக்குப் பின்னரும் இந்த மரபு முறியவில்லை. 1950 பிப்ரவரி 11 அன்று சேலம் மத்திய சிறையில், தப்பியோட வழியற்ற கம்யூனிஸ்ட் கைதிகள் 22 பேர் சுட்டுக் கொல்லப்பட்டனர். அவர்களில் பெரும்பாலோர் மலபாரிலிருந்து கொண்டுவரப்பட்ட விவசாயப் போராளிகள். இத்தகைய மரபில் அணிவகுப்பும் கேள்வியற்ற கீழ்ப்படிதலுமே காவலருக்குப் பாடமாயின. எதிரே நிற்கும் கூட்டத்தைக் கோரிக்கை உடைய குடிமக்களாகப் பார்க்க அவருக்குக் கற்பிக்கப்படவில்லை. ஒடுக்கப்பட வேண்டிய பகைவராகவே அவர்கள் காட்டப்பட்டார்கள்.

எழுத்திலே விதிகள் இல்லாமல் இல்லை. 1964ஆம் ஆண்டில் மாநிலக் காவல்துறைத் தலைவர்களின் மாநாடு, கூட்டங்களுக்கு எதிராகப் பலத்தைப் பயன்படுத்துவதற்கான மாதிரி விதிகளை ஏற்றது. தெளிவான எச்சரிக்கை முதலில் வர வேண்டும். எவ்வளவு குறைந்த பலம் போதுமோ அவ்வளவே பயன்படுத்த வேண்டும். சுடுவது தவிர்க்கவே இயலாத கடைசி வழி. அப்போதும் தாழ்வாகக் குறிவைக்க வேண்டும். 1990ஆம் ஆண்டு ஹவானாவில் ஏற்கப்பட்ட ஐ.நா. கோட்பாடுகள் இன்னும் ஒரு படி மேலே செல்கின்றன. மரணத்தையோ கடுங்காயத்தையோ விளைவிக்கக்கூடிய உடனடி ஆபத்திலிருந்து உயிரைக் காப்பது போன்ற மிகக் குறுகிய காரணங்களுக்காக மட்டுமே மனிதர் மீது துப்பாக்கியைப் பயன்படுத்தலாம் என்கின்றன அவை. பொருள்சேதம் ஒன்றே சுடுவதற்குக் காரணம் ஆகாது.

இந்த அளவுகோலைத் தூத்துக்குடியில் வைத்துப் பார்ப்போம். வேதாந்தா நிறுவனத்தின் ஸ்டெர்லைட் ஆலைக்கு எதிரான போராட்டத்தின் நூறாவது நாளான 2018 மே 22 அன்று, மாவட்ட ஆட்சியர் அலுவலகம் நோக்கிச் சென்ற மக்கள் மீது துப்பாக்கிச் சூடு நடத்தப்பட்டது. இருநாள் துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் உயிரிழந்தனர். அவர்களில் 12 பேருக்குத் தலையிலோ மார்பிலோ குண்டு பாய்ந்திருந்ததைப் பிரேதப் பரிசோதனை அறிக்கைகள் காட்டின. பலருக்குக் குண்டு முதுகுப்புறமாகப் பாய்ந்திருந்தது. தாழ்வாகக் குறிவைக்க வேண்டும் என்ற விதியும் கடைசி வழி என்ற விதியும் எங்கே போயின? நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையத்தின் அறிக்கை 2022 அக்டோபரில் சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது. தூண்டுதல் ஏதுமின்றிச் சுடப்பட்டது என்று கூறிய அந்த அறிக்கை, 17 காவல்துறையினர் மீது நடவடிக்கைக்குப் பரிந்துரைத்தது. தொலைக்காட்சியைப் பார்த்துத்தான் நடந்ததை அறிந்ததாக அன்றைய முதலமைச்சர் கூறியதையும் அது ஏற்கவில்லை. ஓடுகிறவரின் முதுகில் சுடுவதைக் குறி பார்க்கத் தெரியாத குறை என்று யாரும் சொல்ல முடியாது. கணக்குக் கேட்கப்படமாட்டாது என்ற உறுதி அந்தத் துப்பாக்கிகளுக்குப் பின்னால் இருந்தது.

இடதுசாரி இயக்கத்தின் சொந்த அனுபவமும் இங்கே பாடமாகிறது. 1957ஆம் ஆண்டில் பொறுப்பேற்ற இ.எம்.எஸ். தலைமையிலான அரசு, தொழில் தகராறுகளில் முதலாளிகளின் சார்பில் காவல்துறை தலையிடாது என்று அறிவித்தது. இந்திய வரலாற்றிலேயே புதுமையான அறிவிப்பு அது. உடைமை வர்க்கம் அதைச் சட்ட ஒழுங்கின் சீர்குலைவு என்று தூற்றியது. எனினும், 1958 ஜூலையில் கொல்லம் அருகே சந்தனத்தோப்பில் முந்திரித் தொழிலாளர் போராட்டத்தின்போது காவல்துறை சுட்டதில் இரு தொழிலாளர்கள் உயிரிழந்தனர். அமைச்சரவை மாறியிருந்தது. கொள்கை மாறியிருந்தது. காவல் நிலையத்திலும் பயிற்சித் திடலிலும் பழைய இயந்திரமே இயங்கிக்கொண்டிருந்தது. அரசு இயந்திரத்தின் தன்மையைப் பற்றி மார்க்சியம் கற்பிக்கும் பாடத்துக்கு இதைவிடக் கசப்பான சான்று தேவையில்லை. 1994 நவம்பர் 25 அன்று, ஐக்கிய ஜனநாயக முன்னணி ஆட்சியின்போது, கூத்துப்பறம்பில் ஐந்து இளந்தோழர்கள் சுட்டுக் கொல்லப்பட்டதையும் நாம் மறக்கவில்லை.

அப்படியானால் பயிற்சியைப் பற்றிப் பேசுவதே வீண் வேலையா? நிச்சயமாக இல்லை. இயந்திரம் முழுவதும் மாறும்வரை காத்திருங்கள் என்று குண்டடிபடும் தொழிலாளியிடம் சொல்ல நமக்கு உரிமையில்லை. காவல் பயிற்சியை ஆராய 1971இல் அமைக்கப்பட்ட கோரே குழு, மக்களோடு கொள்ளும் உறவையும் சமூகப் புரிதலையும் பாடத்தில் சேர்க்க வேண்டுமென அரை நூற்றாண்டுக்கு முன்பே வலியுறுத்தியது. திருச்சூர் இராமவர்மபுரத்திலும் சென்னையை அடுத்த ஊனமாஞ்சேரியிலும் இன்று பெரிய பயிற்சியகங்கள் இருக்கின்றன. அங்கே மட்டாஞ்சேரியும் தூத்துக்குடியும் பாடமாக வைக்கப்பட வேண்டும். என்ன உத்தரவு, யார் பிறப்பித்தது, எந்த விதி மீறப்பட்டது, சுடாமல் இருந்திருக்க என்ன வழி இருந்தது என்று ஒவ்வொரு காவலரும் விவாதிக்க வேண்டும். சட்டவிரோதமான உத்தரவை மறுப்பதும் கடமையே என்று கற்பிக்கப்பட வேண்டும்.

காவலரும் பெரும்பாலும் உழைக்கும் குடும்பத்துப் பிள்ளைதான். ஓய்வற்ற பணியும் மேலதிகாரியின் வசையும் அவருடைய அன்றாடம். தன் குறையைக் கூடிப் பேசும் உரிமையை அவருக்கு மறுத்துவிட்டு, கூடிப் பேசும் மக்களை மதிக்க அவருக்குக் கற்பிப்பது எப்படி? கேரளத்தில் காவலர் சங்கம் நெடுங்காலமாக இயங்கிவருகிறது. தமிழ்நாட்டிலோ அத்தகைய அங்கீகாரம் இன்றுவரை இல்லை.

எல்லாவற்றுக்கும் மேலாக, தண்டனையே இல்லாத இடத்தில் எந்தப் பயிற்சியும் நிலைக்காது. புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 148ஆவது பிரிவு, கூட்டத்தைக் கலைக்கும் அதிகாரத்தை அளிக்கிறது. 151ஆவது பிரிவோ, அரசின் அனுமதியின்றி அந்தச் செயலுக்காக வழக்குத் தொடர முடியாது என்று காப்பு அளிக்கிறது. காலனிச் சட்டங்களை ஒழித்துவிட்டதாக மார்தட்டிக்கொள்ளும் மோடி அரசு, இந்தக் காலனியக் கவசத்தை மட்டும் பத்திரமாக எடுத்துவைத்துக்கொண்டது. 2006ஆம் ஆண்டு பிரகாஷ் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், காவல்துறை மீதான புகார்களை விசாரிக்கச் சுதந்திரமான ஆணையங்களை அமைக்கக் கட்டளையிட்டது. கேரளச் சட்டம் மாநில ஆணையத்துக்கு ஓய்வுபெற்ற நீதிபதியைத் தலைவராக்கியது. தமிழ்நாட்டின் 2013ஆம் ஆண்டுச் சட்டமோ உள்துறைச் செயலாளரையே தலைவராக்கியது. புகாருக்கு உள்ளானவர்களின் மேலதிகாரியே புகாரை விசாரிக்கும் விந்தை இது.

ஆகவே நமது கோரிக்கைகள் தெளிவாக இருக்க வேண்டும். தொழில் தகராறுகளிலும் மக்கள் போராட்டங்களிலும் உயிர்பறிக்கும் குண்டுகளுக்கு இடமில்லை என்று சட்டமாக்க வேண்டும். ஒவ்வொரு துப்பாக்கிச் சூட்டின் மீதும் உடனடியாக வழக்குப் பதிந்து, சுட்ட காவல்துறைக்கு வெளியே உள்ள அமைப்பு புலனாய்வு செய்ய வேண்டும். வழக்குத் தொடர அரசின் முன்அனுமதி என்ற கவசம் நீக்கப்பட வேண்டும். உத்தரவிட்டவரும் அதற்குப் பின்னால் இருந்த அரசியல் தலைமையும் விசாரணைக்கு வர வேண்டும். தூத்துக்குடி ஆணையத்தின் பரிந்துரைகள் முழுமையாக நிறைவேற்றப்பட வேண்டும். இவற்றைத் தொழிற்சங்கக் கூட்டங்களிலும் கிளைக் கூட்டங்களிலும் விவாதித்து, மக்களிடம் கொண்டுசெல்ல வேண்டும்.

சைதுவும் சைதலவியும் அந்தோணியும் கேட்டது, வேலைக்காக மண்ணில் விழுந்து புரளாத வாழ்க்கை. வில்லைக்குச் சண்டையிட்டுக்கொண்டிருந்தவர்கள் ஒரே சங்கமாக நின்றதைத்தான் ஒப்பந்ததாரர்கள் அஞ்சினார்கள். அந்த ஒற்றுமையைக் கலைக்கவே துப்பாக்கி வந்தது. தியாகிகள் சாய்ந்த பின்னும் தொழிலாளர்கள் கலையவில்லை. அதனால்தான் சாப்பா ஒழிந்தது. காவல்துறையை மக்களுக்குக் கட்டுப்பட்டதாக மாற்றும் போராட்டமும் அதே ஒற்றுமையால்தான் வெல்லும்.