வலவனைப் பாடும் நாம் தச்சனை மறந்ததேன்?

2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் அஜித் குமாரின் அணி தன் பிரிவில் மூன்றாம் இடம் பெற்றது. தமிழகம் கொண்டாடியது. அதில் நமக்குப் பிணக்கில்லை. ஆனால் அவ்வாழ்த்துமழையில் எவரும் கேளாத கேள்வி ஒன்றுண்டு: அந்த போர்ஷே காரைச் செய்தவர் யார்? செய்தவர் ஜெர்மனியில் இருக்கிறார். நாம் வாங்கியவர்கள். இவ்வேறுபாட்டை மறைத்துவிட்டு 'தமிழனின் சாதனை' என முழங்குவதைத்தான் இங்கு மறுக்கிறோம்.

நெடுநேரப் பந்தயத்தின் இயல்பே வேறு. ஒரு சுற்றின் வேகம் ஓட்டுநருடையதாக இருக்கலாம்; இருபத்துநான்கு மணி நேரம் தாங்கும் வலிமை செய்தவருடையது. பிரேக்குகள் இரவெல்லாம் வெந்து தேயும். மோதி நசுங்கிய பாகத்தைச் சில நிமிடங்களில் கழற்றி மாற்ற வேண்டும். தொழில்முறை வீரரும் பொழுதுபோக்கு ஓட்டுநரும் மாறிமாறி அமரும் ஒரே இருக்கை இருவருக்கும் பொருந்த வேண்டும். இவையனைத்தையும் முன்கூட்டியே எண்ணிச் செய்வதுதான் வாடிக்கையாளருக்கான பந்தயக் கார். இதை எண்ணிப் பார்க்கும் அறிவுக்கு நம் பாராட்டுரைகளில் ஒரு வரி இடமில்லை.

நம் மரபு இப்படி இருந்ததில்லை. முல்லைத் திணைத் தலைவன் வலவனைப் போற்றுவது உண்மைதான். ஆனால் அதியமானைப் பாடவந்த ஔவையார், நாளொன்றுக்கு எட்டுத் தேர் செய்யும் தச்சன் ஒரு திங்கள் உழைத்துச் செய்த ஒற்றைச் சக்கரத்தையன்றோ அவனுக்கு உவமையாக்கினார்! விற்பனைக்குச் செய்வதையும் போருக்குச் செய்வதையும் ஒரே கை செய்கிறது என்பதும், இரண்டுக்கும் வேண்டிய பொழுது வேறு என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தன. புறநானூற்றை மேடைதோறும் முழங்கும் நமக்குத் தெரியவில்லை.

வாங்கி ஓட்டுவது இழிவா என நண்பர்கள் கேட்கக்கூடும். இல்லை. 1982 லெ மான் பந்தயத்தில் போர்ஷே ஆலையணியின் 956 கார்கள் முதல் மூன்று இடங்களையும் பிடித்தன. மறு ஆண்டே அவ்வகைக் கார்கள் தனியார் அணிகளுக்கு விற்கப்பட்டன. அவற்றுள் ஒன்றை வாங்கிய யோஸ்ட் அணி, 1984, 1985 ஆகிய இரு ஆண்டுகளிலும் அதே காரைக் கொண்டு வென்றது; இரண்டாம் முறை தோற்றவர்களில் காரைச் செய்த ஆலையின் அணியும் அடக்கம். எரிபொருளுக்கு வரம்பிருந்த அப்பந்தயத்தில், அதைச் சிக்கனமாகச் செலவிடும் நுட்பத்தை யோஸ்ட் கண்டிருந்தது. வாங்கியவர் கற்றார், கற்றதால் செய்தவரையே விஞ்சினார். வாங்குவதோடு நின்றுவிடுவதுதான் இழிவு.

பணமில்லை என்பது அடுத்த சமாதானம். கோவையின் கரிவரதன் இதற்கு 1980களிலேயே விடையளித்துவிட்டார். மாருதி 800 காரின் எஞ்சினைக் கொண்டு அவர் உருவாக்கிய ஃபார்முலா மாருதி, நம்மவர் எட்டக்கூடிய விலையில் ஒரு பந்தயக் காரைத் தந்தது. நரேன் கார்த்திகேயன் தொடக்கத்தில் ஓட்டியது அவ்வகைக் காரையே. 2005இல் ஃபார்முலா ஒன்றில் நுழைந்த முதல் இந்தியராக நரேனை நாடறியும். 1995இல் விமான விபத்தில் மறைந்த கரிவரதனை எத்தனை பேர் அறிவர்? கோவையில் ஒரு பந்தயத்தளம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. தமிழில் முழுமையானதொரு வாழ்க்கை வரலாறு நம் கண்ணில் பட்டதில்லை.

குத்தம்பாக்கத்தை ஒட்டிச் செல்லும் பெங்களூரு நெடுஞ்சாலையைப் பாருங்கள். ஒருபுறம் திருமழிசைத் தொழிற்பேட்டையின் லேத் பட்டறைகள். சற்று மேற்கே இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலை. அதே ஊரில் 1990 முதல் சென்னை மோட்டார் பந்தயத்தளம். உதிரிபாகம் கடைபவர், கார் பூட்டுபவர், ஓட்டிப் பார்க்கும் தளம் என மூன்றும் ஒரே சாலையில் இருக்கின்றன. இருந்தும் உலகின் நெடுநேரப் பந்தய அணிகள் விரும்பி வாங்கும் கார் ஒன்று இச்சாலையிலிருந்து புறப்பட்டதில்லை. கையில் குறையில்லை; செய்பவனை மதிக்காத மனத்தில்தான் குறை.

அம்மனத்தை உருவாக்குவதில் எழுதுவோராகிய நமக்கும் பங்குண்டு. இயந்திரம் என்றாலே ஆன்மாவின் பகை எனக் கவிதை எழுதிப் பழகிவிட்டோம். ஃபார்முலா பாரத் போட்டிக்காக ஆண்டுதோறும் கல்லூரிப் பட்டறைகளில் தம் கையால் கார் கட்டும் மாணவர்களைப் பற்றி எந்த இலக்கிய இதழ் ஒரு பக்கம் எழுதியது? அவர்களுள் ஒருவர் நாளை ஜெர்மனிக்குச் சென்று அங்குள்ள தச்சர்களோடு சேர்ந்துகொள்வார். அப்போதும் 'தமிழனின் சாதனை' என்று நாம் எழுதுவோம். அதற்கு முன், இங்கிருக்கும்போதே அவர் பெயரைக் கேட்டு எழுதுவோமாக.