வீட்டு நலம்: மழைக்கு முன் ஒரு சுற்று

கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார்: "குளிர் நாடுகளில் குழாய்த் தண்ணீர் உறைந்து பைப்பே வெடித்துப் போகுமாமே. வருடக் கடைசியில் இங்கும் விறைக்கிற குளிர். நாங்களும் பைப்புக்குச் சாக்குச் சுற்றி வைக்க வேண்டுமா, ஆசிரியரே?"

வேண்டாம், அம்மா. தண்ணீர் பனிக்கட்டியாகும்போது நூற்றுக்கு ஒன்பது பங்கு அளவில் பெருக்கும். அந்த நெருக்கலில் இரும்புக் குழாயும் பிளக்கும் என்பது உண்மைதான். ஆனால், அதற்குக் குளிர் சுழியம் பாகைக்குக் கீழே போக வேண்டும். உங்கள் மலையில் இரவு 15 பாகைக்கு இறங்கினால் நமக்குத்தான் பல் கிட்டும். பைப்புக்கு ஒன்றும் ஆகாது. சாக்கை வாசலில் போடுங்கள், கால் துடைக்க ஆகும். நம் நாட்டில் குழாய் உறைவதில்லை, அடைபடுகிறது. தண்ணீர் போக வேண்டிய வழி அடைபட்டு, போகக் கூடாத வழியில் வீட்டுக்குள் வருகிறது. இந்த வாரம் அதைத்தான் பேசப் போகிறோம்.

வடகிழக்குப் பருவமழை நவம்பரில் தொடங்கி மார்ச் வரை இருக்கும். முதலில் கிளந்தானும் திரெங்கானுவும் நனையும். பிறகு பகாங், ஜொகூர். பேராக், சிலாங்கூர்ப் பக்கத்துத் தோட்டத்தார் "நாம் மேற்குக் கரை, நமக்கென்ன" என்று இருந்துவிட முடியாது. அங்கே அக்டோபர், நவம்பரிலேயே சாயங்கால இடிமழை கொட்டித் தீர்க்கும். 1971 ஜனவரியில் கோலாலம்பூரே தண்ணீரில் நின்றது. 2014 டிசம்பரில் கிளந்தான் மூழ்கியது. 2021 டிசம்பரில் சிலாங்கூரில் தாமான் வீடுகளின் மாடிவரை தண்ணீர் ஏறியது.

தீபாவளிக்கு வெள்ளையடிக்கிறோம், திரை மாற்றுகிறோம், முறுக்குச் சுடுகிறோம். அதே கையோடு ஏணியைப் போட்டுக் கூரைத் தகரத்தின் ஓரத்தைப் பார்ப்பவர்கள் எத்தனை பேர்?

பள்ளிப் பிள்ளைகளுக்குப் போடுகிற கணக்கு ஒன்று சொல்கிறேன். ஒரு சதுர மீட்டர் இடத்தில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் அது ஒரு லிட்டர் தண்ணீர். நம் லயத்து வீட்டின் கூரை 45 சதுர மீட்டர் என்று வையுங்கள். ஒரு பெருமழையில் 50 மில்லிமீட்டர் விழுந்தால் 2,250 லிட்டர். எண்ணெய் டிரம் ஒன்று 200 லிட்டர் கொள்ளும். ஆக ஒரே வீட்டுக் கூரையிலிருந்து பதினோரு டிரம் தண்ணீர் இறங்குகிறது. ஆறு வீட்டு லயம் என்றால் அறுபத்தேழு டிரம்! இவ்வளவும் கையகலத் தகரப் பீலி வழியாகத்தான் போக வேண்டும். அந்தப் பீலியில் பால்மரச் சருகும், ஒரு பழைய பந்தும், காக்கைக் கூடும் கிடந்தால் தண்ணீர் எங்கே போகும்? சுவரோடு இறங்கி, அடித்தளத்து மண்ணைக் கரைக்கும். வாசற்படிக்குக் கீழே பள்ளம் பறிக்கும்.

ஆகவே முதல் வேலை பீலியைச் சுத்தம் செய்வது. தகர விளிம்பு கையைக் கிழிக்கும், பழைய கையுறை போட்டுக்கொள்ளுங்கள். ஏணியைக் கீழே ஒருவர் பிடிக்க வேண்டும். மின்சாரக் கம்பி போகிற பக்கம் ஏணியைச் சாய்க்காதீர்கள். சருகை வாரியபின், தூரத்து முனையில் ஒரு வாளி தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். தேங்காமல் இறங்கு குழாய்க்கு ஓடினால் சரி. நடுவில் தேங்கினால் ஆணி தளர்ந்து பீலி தொய்ந்திருக்கிறது என்று பொருள். பத்து அடி நீளத்துக்கு அரை அங்குலச் சாய்வு இருந்தால் போதும். கண்ணால் பார்த்தால் நேராகத்தான் தெரியும், தண்ணீருக்குத் தெரியும் சாய்வு எங்கே என்று.

இனி, சண்டை வருகிற இடத்துக்கு வருவோம். பலர் பின்பக்கம் அடுப்படியை நீட்டித் தகரம் போட்டிருக்கிறார்கள். அந்தத் தகரத்துக்குப் பீலி கிடையாது. மழை பெய்தால் தண்ணீர் அடுத்த வீட்டு விறகடியில் விழும். "ஏங்க அக்கா, ஒங்க வீட்டுத் தண்ணி எங்க அடுப்படிக்கு வருதே" என்று ஒருவர் மெல்லச் சொல்வார். "மழைய நானா பெய்யச் சொன்னேன்?" என்று பதில் வரும். அப்புறம் அடுத்த தைப்பூசம் வரை பேச்சு வார்த்தை இருக்காது. மழையை யாரும் பெய்யச் சொல்லவில்லைதான். ஆனால் தகரத்தை நாம்தான் போட்டோம். நம் கூரைத் தண்ணீரை நம் பக்கத்து லோங்காங்கில் சேர்ப்பது நம் கடமை. ஒரு துண்டு பிளாஸ்டிக் பைப்பும் இரண்டு முழங்கைத் துண்டும் வாங்கினால் முடிகிற காரியத்துக்கு உறவைக் கெடுத்துக்கொள்வானேன்?

லோங்காங்கும் அப்படியே. ஒருவர் தம் வீட்டு முன்னால் மட்டும் தூர்வாரி, மண்ணை வரப்பு மேலேயே குவித்தால் அடுத்த மழையில் அது மறுபடி உள்ளேதான் விழும். லயத்துக்காரர்கள் எல்லாரும் ஒரு ஞாயிறு காலை மண்வெட்டியோடு இறங்க வேண்டும். தாழ்ந்த முனையிலிருந்து தொடங்கி மேட்டை நோக்கி வாருங்கள். மேட்டிலிருந்து தொடங்கினால் கிளறிய சேறெல்லாம் கீழே போய் அடைத்துக்கொள்ளும்.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. எல்லாவற்றையும் தொழிலாளியே செய்துகொள்ள வேண்டும் என்பதில்லை. 1990ஆம் ஆண்டின் தொழிலாளர் குறைந்தபட்ச வீட்டு வசதிச் சட்டம், 446ஆம் எண் சட்டம், ஒன்று இருக்கிறது, 2019இல் திருத்தவும்பட்டது. தோட்டத்து வீட்டில் குடியிருக்கும் தொழிலாளிக்குப் போதிய குழாய்த் தண்ணீரை இலவசமாகக் கொடுப்பதும், வீட்டை நல்ல நிலையில் வைத்திருப்பதும் முதலாளியின் பொறுப்பு என்று அது சொல்கிறது. உடைந்த கூரைத் தகரம், இடிந்த லோங்காங், துருப்பிடித்த பொதுக் குழாய் இவை நிர்வாகத்தின் வேலை. கிராணியாரை வழியில் பார்த்து வாய்மொழியாகச் சொல்வதோடு நிறுத்தாதீர்கள். வீட்டு எண்ணோடு, தேதி போட்டு, மலாயில் எழுதிக் கொடுங்கள். இடைநிலைப் பள்ளியில் படிக்கும் பிள்ளை அழகாக எழுதித் தரும். ஒரு நகல் உங்களிடம் இருக்கட்டும். பதில் இல்லையென்றால் சங்கத் தலைவரிடமும் தொழிலாளர் இலாகாவிடமும் அந்த நகல்தான் பேசும். மழை பிடித்த பிறகு கொடுக்கிற கடிதத்துக்கு "மழை விடட்டும்" என்ற பதில்தான் வரும். இப்போதே கொடுங்கள்.

வீட்டுக்குள் அதிக வேலை இல்லை. சொட்டுகிற குழாய்க்கு வாசர் மாற்றுங்கள். மூட்டுக் கசிந்தால் வெள்ளைச் சீல் டேப்பை மரையின் போக்கிலேயே சுற்றுங்கள். எதிர்ப்பக்கம் சுற்றினால் திருகும்போது அவிழ்ந்துவிடும். கழிவறைத் தொட்டி கசிகிறதா என்று பார்க்க, அதில் ஒரு சிட்டிகை கேசரிப் பவுடர் போட்டு அரைமணி நேரம் விடுங்கள். இழுக்காமலே கீழே கோப்பையில் நிறம் தெரிந்தால் கசிவுதான்.

தண்ணீர் பிடித்து வைக்கிற டிரம், தோம்பு, கூரைமேல் தொட்டி இவற்றுக்கு வருவோம். வெள்ளம் நீர் சுத்திகரிப்பு நிலையத்துக்குள் புகுந்தால் நம் வீடு நனையாவிட்டாலும் குழாய் வறண்டுவிடும். 2021இல் சிலாங்கூரில் பல இடங்களில் அப்படித்தான் ஆயிற்று. சுற்றிலும் தண்ணீர், குடிக்கத் தண்ணீர் இல்லை. ஆகவே பிடித்து வைக்கத்தான் வேண்டும்; ஆனால் மூடி வைக்க வேண்டும். ஏடிஸ் கொசு நல்ல தண்ணீரைத்தான் தேடும். முட்டையைத் தண்ணீரில் இடாது. நீர் மட்டத்துக்குச் சற்று மேலே டிரம்மின் சுவரில் ஒட்டி வைக்கும். தண்ணீர் வற்றினாலும் அந்த முட்டை மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். மறுபடி நீர் பட்டால் ஒரு வாரம், பத்து நாளில் கொசு பறக்கும். ஆகையால் தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது, வாரம் ஒருமுறை உட்சுவரைத் தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவுங்கள். கழுவ முடியாத பெரிய தொட்டிக்கு அபேட் மருந்து, பத்து லிட்டருக்கு ஒரு கிராம் வீதம்.

மலைத் தோட்டங்களில் ஓடையிலிருந்து வரும் தண்ணீர் மழைக்குத் தேநீர் நிறத்தில் வரும். படிகாரம் கலக்கினால் தெளியும், ஆனால் கிருமி சாகாது. தெளியவைத்து, நான்காக மடித்த துணியில் வடிகட்டி, தளதளவென்று ஒரு நிமிடமாவது கொதிக்க வையுங்கள். அடுப்பு எரிக்க வழியில்லாத நேரத்தில், வாசனை சேர்க்காத சாதாரணத் துணி வெளுப்பு மருந்தில் லிட்டருக்கு இரண்டு சொட்டு விட்டு அரைமணி கழித்துக் குடிக்கலாம்.

தாழ்ந்த இடத்து வீடுகளில் வெள்ளம் வாசல் வழியாக வருமுன் கழிவறை வழியாக வரும். ஒரு தடித்த பிளாஸ்டிக் பையில் மணலை நிரப்பிக் கட்டி, கோப்பையிலும் குளியலறைத் தரைத் துவாரத்திலும் அழுத்தி வைத்தால் அந்த அழுக்கைப் பெரிதும் தடுக்கலாம். மலத்தொட்டி மூடி இறுக்கமாக இருக்கட்டும். வெள்ளம் வருகிற சமயம் பார்த்து அதைக் காலி செய்யாதீர்கள். வெற்றுத் தொட்டி ஈர மண்ணில் படகு போல மேலே கிளம்பிவிடும்.

கடைசியாக, பிள்ளைகள். மழை நின்றதும் லோங்காங்கில் கப்பல் விட ஓடுவார்கள். அந்தத் தண்ணீரில் எலியின் சிறுநீர் கலந்திருக்கும். காலில் ஒரு சிறு வெட்டு இருந்தாலும் அதன் வழியாக எலிக்காய்ச்சல் கிருமி உள்ளே போகும். லோங்காங் வாருகிற பெரியவர்களுக்கும் இதே ஆபத்துதான். வேலைக்காட்டுக்குப் போடும் பூட்ஸை அன்றும் போடுங்கள், முடிந்ததும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். தண்ணீரில் நின்ற ஒன்றிரண்டு வாரத்துக்குள் காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு என்று வந்தால், "சாதாரண மழைக் காய்ச்சல்" என்று மாத்திரை வாங்கிப் போட்டுவிட்டுப் படுக்காதீர்கள். அன்றே கிளினிக்குக்குப் போய், லோங்காங் தண்ணீரில் எந்த நாளில் இறங்கினோம் என்பதை டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களே முதலில் சொல்லுங்கள்.